பார்த்துக்கொண்டிருந்தவர்கள்: ரோமிலும் நேப்பிள்ஸ் கடற்கரையிலும் ஐந்து நாள்

முதல் நாள், ரோம்

மகள் மியூனிக்கிலிருந்து முந்தின நாளே வந்து அறை எடுத்து வைத்திருந்தாள். எனக்கு விமானத்தில் பொட்டுத் தூக்கமில்லை. "இன்னைக்கு ரெஸ்ட் எடும்மா, ஃபோரத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். பொறுக்கவில்லை. குளித்துவிட்டு மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். மாவட்ட நீதிமன்றத்தில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சாட்சியைக் கூப்பிடுவது, சத்தியப் பிரமாணம் வாங்குவது, சான்றாவணங்களுக்கு எண் போடுவது, சாயங்காலம் கட்டுகளை அடுக்கி வைப்பது. இதிலேயே காலம் போனது. ஓய்வுக்குப் பிறகுதான் டாசிட்டஸ் கையில் கிடைத்தார், ஆங்கில மொழிபெயர்ப்பில். முதல் நூற்றாண்டு ரோமில் யார் யாரைக் கொன்றார்கள், எப்படி மறைத்தார்கள் என்று எழுதியவர். விஷம், பொய்ப் புகார், கட்டாயத் தற்கொலை என்று பக்கத்துக்குப் பக்கம் சாவு. ஆனால் அந்தக் கொலைகாரர்களை விட வேறு சிலர்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பக்கத்தில் யார் நின்றார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், யார் மறுநாள் வந்து வாழ்த்துச் சொன்னார்கள் என்று அவர் விடாமல் குறித்துக்கொண்டே போகிறார். கோர்ட் வராண்டாவில் நின்றவர்களுக்கு அது பழகிய வாசனை.

பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்தில் நேராகப் போனது செனட் கூடிய கூரியா கட்டடத்துக்கு. செங்கல் சுவர், உயரமான ஒற்றை வாசல். கி.பி. 283இல் ஏற்பட்ட தீ விபத்துக்குப் பிறகு பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில் திரும்பக் கட்டியது. அதன் பழைய வெண்கலக் கதவுகள் 17ஆம் நூற்றாண்டில் லாத்தரன் தேவாலயத்துக்குப் போய்விட்டன. உள்ளே தரை முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகக் கல் இழைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அகலமான தாழ்ந்த படிகள். அதன் மேல்தான் நாற்காலி போட்டு செனட்டர்கள் உட்கார்ந்தார்கள்.

டாசிட்டஸும் செனட்டர்தான். கி.பி. 97இல் கான்சல் என்ற உச்சப் பதவி வரை போனவர். அதற்கு முந்தைய 15 ஆண்டுகள், பேரரசர் டொமிஷியன் ஆட்சியில், நல்லவர்கள் ஒவ்வொருவராக இழுத்துச் செல்லப்பட்டபோது அவரும் அவையில் இருந்தவர். தன் மாமனார் அக்ரிகோலாவைப் பற்றி எழுதிய நூலில் அதை ஒத்துக்கொள்கிறார்: ஹெல்விடியஸ் என்ற செனட்டரைச் சிறைக்குக் கொண்டுபோனது நம் கைகள்தான் என்று. "அவர்கள் கை" என்று எழுதியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "நம்" என்று எழுதினார். அந்த ஒரு சொல்தான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. ஏன் என்று பின்னால் எழுதுகிறேன்.

வெயில் தாழ்ந்த பிறகு பலட்டைன் குன்றில் ஏறினோம். அரண்மனைகள் இருந்த இடம். இப்போது இடிந்த வளைவுகளும் பைன் மரங்களும்தான். 55இல் நடந்த ஒரு விருந்தை மகளுக்குச் சொன்னேன். பேரரசர் கிளாடியஸின் சொந்த மகன் பிரிட்டானிக்கஸ், 14 வயது நிறையப் போகிற பையன். பெரியவர்கள் சாய்மஞ்சத்தில், பிள்ளைகள் தனிப் பந்தியில், கொஞ்சம் எளிமையான சாப்பாடு. அவன் சாப்பிடுவதை, குடிப்பதை முதலில் ருசி பார்க்க ஆள் உண்டு. அதனால் பானத்தைக் கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தார்கள். ருசி பார்த்தாயிற்று, விஷமில்லை. சூடு தாங்காமல் பையன் தள்ளினான். ஆற்றுவதற்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றினார்கள். விஷம் தண்ணீரில் இருந்தது. பேச்சும் மூச்சும் ஒன்றாக நின்றன.

கிளாடியஸுக்குப் பின் பேரரசனாகியிருந்த நீரோ சாய்ந்தபடியே, "சின்ன வயசிலிருந்து வரும் காக்காய் வலிப்புதான், சரியாகிவிடும்" என்ற மாதிரி சொன்னான். விவரம் தெரியாதவர்கள் எழுந்து ஓடினார்கள். விவரம் தெரிந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்து நீரோவின் முகத்தையே பார்த்தார்கள். இறந்தவனின் அக்கா ஆக்டேவியா, நீரோவின் மனைவி, அந்த இளம் வயதிலேயே துக்கம், பாசம் எதையும் முகத்தில் காட்டாமலிருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு விருந்து தொடர்ந்தது.

"தொடர்ந்ததா?" என்றாள் மகள். தொடர்ந்தது. அன்று ராத்திரியே, கொட்டும் மழையில், பையனை எரித்தும் விட்டார்கள்.

இரண்டாம் நாள், ரோம்

காலையில் கேப்பிட்டலைன் அருங்காட்சியகம். ஓநாய்ச் சிலைக்கு முன்னால் கூட்டம். நான் தேடிப்போனது ஒரு சதுரக் கல். பெரிய பளிங்குப் பாளம், நடுவில் குடைந்த பள்ளம், முகப்பில் எழுத்து. மூத்த அக்ரிப்பினாவின் சாம்பல் வைத்த கல் இது. நாளை மறுநாள் நான் தேடிப்போகும் இளைய அக்ரிப்பினாவின், அதாவது நீரோவின் தாயின், அம்மா. அகஸ்டஸின் பேத்தி, ஜெர்மானிக்கஸின் மனைவி, பேரரசர் கலிகுலாவின் தாய் என்று எழுத்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. எப்படிச் செத்தாள் என்பது மட்டும் அதில் இல்லை. பேரரசன் டைபீரியஸ் அவளைப் பண்டாடேரியா தீவுக்கு நாடு கடத்தினான். 33இல் அங்கே பட்டினியில் உயிர் போனது. கழுத்தை நெரித்து, பிணங்களை எறியும் படிக்கட்டில் வீசாமல் விட்டேனே என்று அவன் அதையே பெருமையாகச் சொல்ல, அதற்கு செனட் நன்றித் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை டாசிட்டஸ் அப்படியே பதிவு செய்கிறார்.

இடைக்காலத்தில் இந்தக் கல்லைத் தானியம் அளக்க வைத்திருந்தார்களாம், நம்மூர் மரக்கால் மாதிரி. பள்ளத்தின் உள்விளிம்பைக் குனிந்து பார்த்தேன். ஒரு பெண்ணின் எலும்பு இருந்த குழியில் எத்தனை மூட்டைக் கோதுமை அளந்திருப்பார்கள். வயிறு காய்ந்து செத்தவள் அவள். கொஞ்ச நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

குன்றை விட்டு இறங்கினால் மாமெர்டைன் சிறை. மேலே ஓர் அறை, அதன் தரையில் வட்டமாக ஓர் ஓட்டை, அதன் கீழே இன்னோர் அறை. கைதிகளை அந்த ஓட்டை வழியாகத்தான் இறக்குவார்களாம். இப்போது படி கட்டியிருக்கிறார்கள். கீழே கூரை கைக்கு எட்டுகிறது, கல் ஈரமாக இருக்கிறது.

டைபீரியஸின் வலது கையாக இருந்த செஜானஸ் கி.பி. 31ஆம் ஆண்டு அக்டோபர் 18 அன்று ஒரே நாளில் கவிழ்ந்தான். அவன் வீழ்ச்சியை டாசிட்டஸ் எழுதிய பகுதி தொலைந்துபோயிற்று. அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் சில பத்திகளில் அவன் இரண்டு பிள்ளைகளைச் சிறைக்குக் கொண்டுபோகும் காட்சி இருக்கிறது. மகனுக்கு நடக்கப்போவது புரிந்துவிட்டது. சின்னப் பெண்ணுக்குப் புரியவில்லை. நான் என்ன தப்பு செய்தேன், எங்கே இழுத்துக்கொண்டு போகிறீர்கள், இனிமேல் செய்ய மாட்டேன், பிள்ளைகளை அடிக்கிற மாதிரி இரண்டு அடி அடித்துவிடுங்களேன் என்று கேட்டுக்கொண்டே போனாளாம். கன்னிப் பெண்ணைத் தூக்கிலிடுவது வழக்கமில்லை என்பதால், கொலையாளி முதலில் அவளைச் சீரழித்தான் என்று அந்தக் காலத்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்கிறார்.

எத்தனையோ தீர்ப்பு படித்திருக்கிறேன். சட்டத்தின் எழுத்தைக் காப்பாற்றுவதற்காக இவ்வளவு பெரிய அக்கிரமம் செய்ததாக வேறு எங்கும் படித்ததில்லை. டாசிட்டஸ் அந்த இடத்தில் ஒரு வார்த்தை கூடக் கண்டித்து எழுதவில்லை. அந்தப் பிள்ளை கேட்டதை மட்டும் எழுதுகிறார்.

சாயங்காலம் எங்கும் போகவில்லை.

மூன்றாம் நாள், ரயிலில்

ரோமின் டெர்மினி நிலையத்திலிருந்து நேப்பிள்ஸ் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். ஜன்னலுக்கு வெளியே மழை. கையில் ஒரு தீர்ப்பு நகல் வைத்திருந்தேன். 2,000 ஆண்டு பழைய தீர்ப்பு.

கி.பி. 19இல், டைபீரியஸின் தத்துப் பிள்ளை ஜெர்மானிக்கஸ் சிரியாவின் அந்தியோக்கில் நோய் கண்டு இறந்தான். ஆளுநர் பிசோவும் அவன் மனைவி பிளான்சினாவும் விஷம் வைத்தார்கள் என்று பேச்சு. ரோமில் செனட் முன்பாக விசாரணை. நடுவிலேயே பிசோ கழுத்தறுபட்டுக் கிடந்தான், பக்கத்தில் வாள். டாசிட்டஸ் இதை விரிவாக எழுதுகிறார். இது ஒரு பக்கம். 1980களில் ஸ்பெயினின் அண்டலூசியாவில் வெண்கலத் தகடுகள் கிடைத்தன. செனட் போட்ட அதே தீர்மானம், நீளமான பிரதியில் 176 வரி, தேதி கி.பி. 20ஆம் ஆண்டு டிசம்பர் 10. ஒவ்வொரு மாகாணத்திலும் ஜன நடமாட்டம் அதிகமுள்ள நகரத்தில் வைக்க வேண்டும், படை முகாம்களில் வைக்க வேண்டும் என்று உத்தரவு வேறு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு ரத்தம் சூடாகிறது. பிளான்சினாவை ஏன் விட்டார்கள்? தகடு வெளிப்படையாகச் சொல்கிறது: பேரரசரின் தாயார் லிவியா கேட்டுக்கொண்டார், அந்த அம்மையாருக்கு நாடு எவ்வளவோ கடன்பட்டிருக்கிறது, ஆகையால் தண்டனை இல்லை. டாசிட்டஸும் அதே காரணத்தைத்தான் சொல்கிறார். ஆனால் டைபீரியஸ் அதைக் கேட்க எழுந்தபோது அவமானத்தோடு பேசினான் என்றும், பேரனைக் கொன்றவளைப் பாட்டியே பார்த்துப் பேசிக் காப்பாற்றுகிறாளே என்று நல்லவர்கள் தங்களுக்குள் பொருமினார்கள் என்றும் சேர்க்கிறார். அந்தப் பொருமல் தகட்டில் ஏறுமா? உத்தரவு நகலில் அன்றைக்கு அறையில் இருந்த மூச்சுக்காற்று வராது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

விஷம் வைத்தது நிஜமா என்பதை அவர் அடித்துச் சொல்லவில்லை. பிசோ தானே செத்தானா, ஆள் வைத்துக் கொன்றார்களா என்பதற்கு, பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் மறைக்கவும் கூடாது என்கிறார். கேள்விச் சாட்சியத்தை அப்படியே கேள்விச் சாட்சியம் என்று எழுதி வைப்பதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

நான்காம் நாள், பாயா, பாகோலி

நேப்பிள்ஸின் மொந்தசாந்தோ நிலையத்திலிருந்து குமானா ரயில். பள்ளிப் பிள்ளைகளும் மீன் கூடைக்காரர்களுமாக நிறைந்திருந்தது. பாயா போய்ச் சேர்ந்தபோது மழை விட்டுக் கடல் பளபளத்தது. இந்தக் கரை மெதுவாக எழும்பும், தாழும், பூமிக்கடியில் எரிமலை. ரோமச் செல்வர்களின் கரையோர மாளிகைகள் இப்போது தண்ணீருக்குள் கிடக்கின்றன. அடியில் கண்ணாடி பதித்த படகில் அரை மணி சுற்றினோம். பாசி படிந்த சுவர், ஒரு துண்டு மொசைக் தரை, அதன் மேல் குட்டி மீன் கூட்டம். தண்ணீரிலிருந்து எடுத்த சிலைகள் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கிளாடியஸின் மகள் என்று கருதப்படும் ஒரு சிறுமியின் சிலையும் உண்டு. அந்த முகத்தைப் பார்க்கும்போது முதல் நாள் சொன்ன விருந்துதான் ஞாபகம் வந்தது.

இந்தக் கடலில்தான் கி.பி. 59 மார்ச்சில் நீரோ தன் தாய் அக்ரிப்பினாவைக் கொல்லப் படகு விட்டான். அவனுக்காகச் சொந்தக் கணவன் கிளாடியஸுக்குக் காளானில் விஷம் வைத்தவள் என்று பெயர் வாங்கியவள் அவள். மகன் ஆட்சிக்கு வந்த புதிதில் அடித்த நாணயத்தில் தாயும் மகனும் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். அடுத்த ஆண்டு நாணயத்தில் மகன் முன்னால், தாய் பின்னால். அப்புறம் அவள் முகமே இல்லை.

மினர்வா தேவிக்கான திருவிழா நேரம். மகன் விருந்துக்கு அழைத்துக் குழைந்து பேசினான். விடைகொடுக்கும்போது கண்ணோடு கண் வைத்து, மார்போடு அணைத்துக்கொண்டான். அது நடிப்பின் உச்சமா, சாகப்போகும் தாயைக் கடைசியாகப் பார்க்கிறோம் என்று அந்தக் கல் மனசும் ஒரு நொடி கலங்கியதா? டாசிட்டஸ் இரண்டையும் எழுதிவிட்டு மேலே போகிறார். தாயைக் கொன்ற மகனுக்கும் அந்தச் சந்தேகத்தின் பலனைக் கொடுத்த மனுஷர்.

அன்று ராத்திரி நட்சத்திரம் நிறைந்த வானம், அலையில்லாத கடல். குற்றம் ருசுவாகட்டும் என்றே தெய்வங்கள் கொடுத்த இரவு என்கிறார். ஈயம் ஏற்றிய மேற்கூரை சரிந்து விழுந்தது. கூட இருந்த கிரெபெரியஸ் காலஸ் நசுங்கிச் செத்தான். சாய்மஞ்சத்தின் கனத்த பக்கச் சட்டங்கள் தாங்கியதால் அக்ரிப்பினாவும் தோழி அசெரோனியாவும் தப்பினார்கள். படகு பிளக்கவில்லை, துடுப்புக்காரர்களில் பலருக்கு விஷயமே தெரியாது, ஆளுக்கொரு பக்கம் சாய்த்தார்கள். தண்ணீரில் விழுந்த அசெரோனியா, "நான்தான் அக்ரிப்பினா, அரசரின் தாயைக் காப்பாற்றுங்கள்" என்று கத்தினாள். கழியாலும் துடுப்பாலும் அடித்தே கொன்றார்கள். அக்ரிப்பினா வாயைத் திறக்கவில்லை. தோளில் காயத்தோடு நீந்தி, மீன்பிடிப் படகுகள் கைகொடுக்கக் கரை சேர்ந்தாள்.

அசெரோனியா ஏன் அப்படிக் கத்தினாள்? சதி தெரியாமல் கத்திவிட்டாள் என்பது டாசிட்டஸின் கணிப்பு. எனக்கு அது மட்டும் முழுசாக ஏறவில்லை. கூரை விழுந்ததை, ஒருவன் நசுங்கியதைக் கண்ணால் பார்த்தவள். எஜமானிக்குப் பதிலாகத் தன் மேல் அடியை வாங்கிக்கொண்டாளோ என்று இந்தக் கடலைப் பார்த்தபோது தோன்றியது. ஆனால் என் ஊகத்தை நான் சாட்சியமாக ஏற்ற முடியாது.

கரைக்கு வந்ததும் அக்ரிப்பினா செய்தது இது: ஒன்றும் புரியாதவள் போல் மகனுக்கு ஆள் அனுப்பினாள், நல்லவேளை தப்பித்தேன் என்று. காயத்துக்கு மருந்து போட்டாள். அசெரோனியாவின் உயில் எங்கே என்று தேடி, சொத்துக்கு முத்திரை வைக்கச் சொன்னாள். அவள் நடிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான் என்கிறார் டாசிட்டஸ். இதைப் படித்த அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். தனக்காக அடிபட்டுச் செத்தவளின் உடல் இன்னும் தண்ணீரில் கிடக்கிறது.

நீரோ நள்ளிரவில் தன் ஆலோசகர்களான தத்துவஞானி செனெகாவையும் காவல்படைத் தலைவர் புர்ரஸையும் எழுப்பி வரவழைத்தான். இருவரும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு செனெகா புர்ரஸைப் பார்த்து, படைவீரர்களை விட்டுக் கொல்லச் சொல்லலாமா என்று கேட்டார். ஒழுக்கத்தைப் பற்றி இன்றுவரை உலகம் படிக்கிற மனிதர். காவல்படை அதைச் செய்யாது, மிசேனம் கடற்படைத் தலைவன் அனிசேட்டஸ் தொடங்கியதை அவனே முடிக்கட்டும் என்றார் புர்ரஸ்.

பாகோலி சின்னத் துறைமுகத்தில், 'அக்ரிப்பினா கல்லறை' என்று ஊர்க்காரர்கள் சொல்லும் இடிபாடு இருக்கிறது. அரைவட்டமாகச் செங்கல் சுவர், இருண்ட நடைபாதை. ஆய்வாளர்கள் கணக்கில் அது ஒரு மாளிகையின் சிறு அரங்கம், கல்லறை இல்லை. கம்பிக்கு வெளியே ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். நைலான் நூலைப் பல்லால் கடித்து, முடிச்சை இடது கட்டைவிரலால் அழுத்தி, ஊசியை மறுபடி நுழைத்தார். அவரைப் போன்றவர்களின் படகுதான் அன்றைக்கு அவளைத் தூக்கியது. செய்தி கேட்டு ஊர் மொத்தமும் பந்தத்தோடு கரையில் கூடிச் சந்தோஷப்பட்டது. ஆயுதத்தோடு அனிசேட்டஸ் ஆட்கள் வந்ததும் கலைந்துபோனது.

அக்ரிப்பினாவின் அறையில் மங்கலான விளக்கு, ஒரே ஒரு பணிப்பெண். அவளும் எழுந்து நடந்தாள். "நீயும் போகிறாயா?" என்று அக்ரிப்பினா கேட்டாள். தலையில் கட்டை இறங்கியது. வாளை உருவியவனிடம் வயிற்றைக் காட்டி, இங்கே குத்து என்றாள்.

செனட்டுக்குப் போன விளக்கக் கடிதத்தை எழுதியது செனெகாதான் என்று ஜனங்கள் பேசினார்கள். செனட் நன்றி வழிபாடு அறிவித்தது. திராசியா பீட்டஸ் என்ற ஒரே ஒரு செனட்டர் எழுந்து வெளியே போனார். தனக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டார், மற்றவர்களுக்கு அதனால் விடுதலை பிறக்கவில்லை என்று டாசிட்டஸ் எழுதுகிறார். ஏழு ஆண்டு கழித்து அவருக்கும் மரணத் தீர்ப்பு வந்தது.

ஐந்தாம் நாள், மிசேனோ

காலையில் பிஷினா மிராபிலிஸ். மலைக்குள் குடைந்த ரோமத் தண்ணீர்த் தொட்டி: 48 தூண்கள், சுமார் 70 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். கோயில் மண்டபம் மாதிரி. மேலே ஓட்டைகளிலிருந்து வெளிச்சம் தூணாக இறங்குகிறது. மிசேனம் கடற்படை ஊரின் தண்ணீர்.

அந்தப் படையில் வொலூசியஸ் புரோக்குலஸ் என்று ஒரு கப்பல் தலைவன். அக்ரிப்பினா கொலையில் கைகொடுத்தவன். தகுந்த பரிசு வரவில்லை என்று பொருமிக்கொண்டிருந்தான். 65இல் நீரோவைக் கொல்லச் சதி உருவானபோது, எபிகாரிஸ் என்ற பெண் அவனைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தாள். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள். அதுவரை எந்த நல்ல காரியத்திலும் அக்கறை காட்டாதவள் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அவன் போய் நீரோவிடம் சொல்லிவிட்டான். நல்லவேளை, அவள் ஒரு பெயர் கூட அவனிடம் சொல்லியிருக்கவில்லை.

சதி வெளியானதும் அவளைச் சித்திரவதை செய்தார்கள். பெண் உடம்பு தாங்காது என்று நீரோ நினைத்தான். சாட்டை, நெருப்பு எதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. மறுநாள் மூட்டுகள் விலகி நிற்க முடியாததால் நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் மார்க்கச்சையை அவிழ்த்து நாற்காலி வளைவில் சுருக்குப் போட்டு, உடம்பின் பாரத்தைக் கொடுத்து, மிச்சமிருந்த மூச்சை நிறுத்திக்கொண்டாள். முன்பின் பழகாதவர்களைக் காப்பாற்றினாள் ஒரு பழைய அடிமைப் பெண். அடிகூடப் படாத செனட்டர்களும் பிரபுக்களும் தங்கள் உயிருக்குயிரானவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று அவர் எழுதும்போது மட்டும் அந்த அடக்கமான எழுத்தில் கோபம் மேலே வருகிறது. கவிஞர் லூக்கன் காட்டிக்கொடுத்தது தன்னைப் பெற்ற தாய் அசிலியாவை.

முதல் நாள் சொன்ன "நம்" விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மருமகள் சாவு வழக்கு. அக்கம்பக்கம், உறவு என்று சாட்சிகள் எல்லோரும் பிறழ்ந்துவிட்டார்கள். அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்த அம்மா ஒருவர் மட்டும் நின்றார். இரண்டு நாள் குறுக்கு விசாரணை. முதல் நாள் மதியம் வராண்டா பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் எதிர்த்தரப்பு ஆட்கள் உட்கார்ந்து குனிந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மடியிலிருந்த டிபன் டப்பாவின் மூடியைத் திறக்காமல் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேஸ் கட்டை எடுத்துக்கொண்டு அந்த வழியாகத்தான் போனேன். ஐயாவிடம் சேம்பரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மறுநாளும் அந்த அம்மா சொன்னதையே சொன்னார். இறங்கும்போது சாட்சிக் கூண்டின் மரப்படியில் கால் தடுமாறி, என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் சோப்புத் தின்ற வெடிப்பு. நான் சான்றாவணத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த சாட்சியின் பெயரைக் கூப்பிட்டேன்.